லாட்ஜ் ஆட்களுக்குப் பயிற்சி: போட்ட காசு திரும்புமா?

வணக்கம். கும்பகோணத்தில் 22 அறைகள் உள்ள சின்ன லாட்ஜ் நடத்துகிறேன். 2028இல் மகாமகம் வருகிறது. அதற்குள் ஆட்களுக்கு முறையாகப் பயிற்சி கொடுக்க ஆசை. வீட்டிலோ, அந்தக் காசில் ஏசியை மாற்று என்கிறார்கள்.

போன மாதம் இரவு பத்தரைக்கு ஒரு குடும்பம், வெந்நீர் வரவில்லை என்று ரிசப்ஷனுக்கு போன் செய்தது. "காலையில பிளம்பர் வருவார் சார்" என்று சொல்லி வைத்துவிட்டான் தம்பி. பக்கத்து அறை காலியாகத்தான் இருந்தது! மாற்றிக் கொடுக்க அவனுக்குத் தோன்றவில்லை. தோன்றினாலும் என்னைக் கேட்காமல் செய்யப் பயம். மறுநாள் கூகுளில் ஒற்றை ஸ்டார். ரிட்ஸ் கார்ல்டன் என்ற சொகுசு ஹோட்டல்களில் ஒரு விருந்தினரின் குறையைத் தீர்க்க ஊழியரே 2,000 டாலர் வரை முடிவெடுத்துச் செலவழிக்கலாமாம். நாம் 500 ரூபாய்க்காவது அனுமதி தரலாமே.

சரி, பலனை எப்படி அளப்பது? அன்றைய அறை வருமானத்தை மொத்த அறைகளால் வகுத்துப் பார்க்கிறேன். 13 அறைகள் 1,800 ரூபாய்க்குப் போனால் 23,400. 22ஆல் வகுத்தால் சுமார் 1,064. ஆனால் முகூர்த்த நாளில் அது தானாகவே ஏறிவிடுகிறது. ஏற்றியது பயிற்சியா, கல்யாணமா?

வெளியாளை அழைத்து இரண்டு நாள் வகுப்பு நடத்தலாமா? இல்லை, அறை சுத்தம் செய்வதில் கைதேர்ந்த எங்கள் அக்காவையே சொல்லித்தரச் சொல்லி, சம்பளத்தைக் கூட்டிக் கொடுக்கலாமா? அப்புறம், கற்றுக்கொண்ட பையன் ஆறே மாதத்தில் துபாய்க்குப் பறந்துவிட்டால்? செய்து பார்த்தவர்கள் செலவுக் கணக்கோடு சொல்லுங்களேன்.