ஒழுங்கையெங்கும் மதில்: கதியால் வேலி இனிச் சாத்தியமா?

கேள்வி (வடக்குவளவு):
வணக்கம். 1990 ஆனியில் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பம் எங்களுடையது. இராணுவ உயர்பாதுகாப்பு வலயத்திலிருந்து கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்ட காணிகளுள் எங்கள் வளவும் ஒன்றாதலால், சிறியதொரு வீடு கட்டிக் குடியேறும் எண்ணத்தோடு ஊருக்கு வந்திருக்கிறேன். 2015 முதல் காங்கேசன்துறை வரை மீண்டும் ரயில் ஓடுவதும், பலாலி 2019இல் சர்வதேச விமான நிலையமானதும் முன்பே அறிந்த செய்திகள். அவற்றால் வியப்பேதும் ஏற்படவில்லை. வேலி இல்லாமற் போனதுதான் என்னைத் திகைக்க வைத்தது. எங்கள் பகுதியில் எல்லையே அழிந்து வெட்டவெளியாகக் கிடக்கிறது என்றால், வலயத்துக்கு வெளியே இருந்த உரும்பிராய், கோண்டாவில் போன்ற ஊர்களிலும் ஒழுங்கையின் இருமருங்கும் சீமெந்துக்கல் மதில்களே நிற்கின்றன. பூவரசும் கிளுவையும் முள்முருங்கையும் கதியாலாக, அதாவது நட்டுத் துளிர்க்கும் வேலிக்காலாக நிற்க, கிடுகோ (பின்னிய தென்னோலை) பனையோலையோ வைத்து அடைத்த வேலியைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. என் வளவுக்குக் கதியால் வேலியே போட விரும்புகிறேன். அது இன்று நடக்கக்கூடியதா? ஊரவர் அதனை ஏன் கைவிட்டனர்?

பதில் 1 (செம்மண்):
நடக்கும் ஐயா, ஆனால் ஆண்டுதோறும் நடக்குமா என்பதே கேள்வி. வேலி அடைப்பது தனியொருவரால் ஆகிற வேலையன்று. உள்ளே ஒருவரும் வெளியே ஒருவருமாக நின்று, குத்தூசியை மாறி மாறிக் கொடுத்து வாங்கி, ஓலையைக் குறுக்குத் தடியான வரிச்சோடு சேர்த்துக் கட்ட வேண்டும். அந்த வேலை தோட்டத்தோடு பிணைந்திருந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். உக்கிய பழைய ஓலையையும் கதியாலில் வெட்டிய குழையையும் புகையிலைத் தோட்டத்தில் பசளையாக மண்ணில் புதைத்தார்கள். மிஞ்சிய குழை ஆட்டுக்குப் போனது. யூரியா வந்து, ஆடு வளர்ப்போரும் குறைந்த பின்னர், வேலி பயன் தராத வெறுஞ்செலவாயிற்று. அதோடு, நடுவேலியில் எந்தப் பக்கத்தை யார் அடைப்பது என்பது இரு வீட்டாரும் பேசி வைத்த முறை. அயற்காணிக்காரர் ரொறன்ரோவிலோ பாரிஸிலோ இருக்கும்போது அவருடைய பங்கை யார் அடைப்பது? மதில் ஒரே தடவையில் முடிகிற காரியம். காசை அனுப்பிவிட்டால் போதும்.

பதில் 2 (ஊரோடிருப்பவள்):
வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு வேலி அழகாகத் தெரிகிறது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, வளவில் தனியே இருக்கும் எனக்கு மதில் நிம்மதி தருகிறது. கதியாலை ஆண்டுக்கொரு சாணாகத் தள்ளி நட்டு, பின்னர் நீதிமன்றப் படியேறிய குடும்பங்கள் எத்தனை என்பதையும் நாம் மறக்கக் கூடாது. அந்தக் கிடுகு வேலிகள் மறைப்புக்காகவும் எழுந்தவை: பெண்களை உள்ளேயும், சாதியில் தாழ்த்தி வைத்தவர்களை வெளியேயும் நிறுத்தியவை. ஆதலால் வேலியின் மறைவுக்காக நான் கண்ணீர் விடமாட்டேன். வேலியில் ஆள் நுழைய விட்ட இடைவெளியான பொட்டை மட்டும் இழந்துவிட்டோம் என்று ஒப்புக்கொள்கிறேன். ஒழுங்கையால் சுற்றிப் போகாமல், நடுவேலிப் பொட்டுக்குள்ளால் குனிந்து போய் அயல்வீட்டில் நெருப்போ கறியோ வாங்கி வந்த காலத்தில், ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் பொழுதுபடுவதற்குள் நாலு வீட்டுக்கும் தெரியும். இப்போது பக்கத்து வீட்டு மாமிக்குச் சுகமில்லை என்பதை அவருடைய மகன் லண்டனிலிருந்து தொலைபேசியில் சொல்லித்தான் அறிகிறேன்.

பதில் 3 (எல்லைக்கல்):
மேலேயுள்ள இருவர் கூற்றிலும் நியாயம் உண்டு. நான் மண்ணையும் நீரையும் பற்றி மட்டும் சொல்கிறேன். வற்றாத ஆறில்லாத இக்குடாநாட்டில் சுண்ணக்கல்லுக்குள் இறங்கும் மழைநீரே கிணற்று நீர். வேலிக்குக் கீழால் வெள்ளம் வளவுக்கு வளவு பரவி ஊறும். தொடர் மதில் அதை மறித்து ஒழுங்கையை வாய்க்காலாக்கிவிடும். மதில்தான் கட்டுவதென்றாலும் அடியில் நீர்வழி விடச் சொல்லுங்கள்.

எதைச் செய்தாலும் முதலில் காணி உறுதியை (பத்திரத்தை) பாருங்கள். பரப்பும் அதன் சிறு கூறான குழியும் நம்மூர் நில அளவுகள். வரகுப் பரப்பு என்றால் 18 குழி, ஏக்கருக்கு 16 பரப்பு. நெற்பரப்பு என்றால் 12 குழி, ஏக்கருக்கு 24 பரப்பு. இரண்டையும் குழப்பினால் அளவில் மூன்றிலொரு பங்கு பிழைக்கும். பழைய உறுதிகளில் எல்லையாக அயலவர் பெயர்களே எழுதப்பட்டிருப்பதாலும், உங்கள் பகுதியில் அடையாள மரங்கள்கூட எஞ்சாததாலும், நில அளவையாளரைக் கொண்டு அளந்து, அயற்காணிக்காரரின் ஒப்புதலோடு கல் நாட்டுங்கள். பிறகு ஒழுங்கைப் பக்கத்துக்கு மட்டும் மதிலோ தகரமோ வைத்து, மற்ற மூன்று பக்கங்களிலும் முட்கம்பி இழுத்து, அதனோடு சீமைக்கிளுவையையும் பூவரசையும் நடலாம். ஓலை அடைக்கும் வேலை இராது. கடலோரமாகப் போகப் போக மண் ஆழமில்லை, கல் தட்டும். அலவாங்கால் (கடப்பாரையால்) குழி போட்டு, ஐப்பசி மழையோடு கதியாலை ஊன்றுங்கள். மாடு கடிக்காமல் முதல் ஆண்டு காவல் வேண்டும்.