டால்ஸ்டாயிடம் எழுதக் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? (அன்னா கரேனினாவை முன்வைத்து)

கோரைப்புல்:
கதை எழுதப் பழகுகிறவர்கள் எதைப் படிக்கலாம் என்று யாராவது கேட்டால் நான் அன்னா கரேனினாவைத்தான் சொல்வேன். எல்லோரும் அதன் முதல் வரியை மேற்கோள் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்குப் பிடித்தது அடுத்த சில பக்கங்களில் வரும் பேரிக்காய். அன்னாவின் அண்ணன் ஸ்டீவா ஓப்லான்ஸ்கி நாடகம் பார்த்துவிட்டு, மனைவிக்குக் கொடுக்க ஒரு பெரிய பேரிக்காயைப் பிடித்துக்கொண்டு குஷியாக வீட்டுக்கு வருகிறான். அவள் கையிலோ அவனுடைய கள்ள உறவை அம்பலப்படுத்தும் கடிதம். இது என்ன என்று கேட்கிறாள். அவன் மறுத்திருக்கலாம், காலில் விழுந்திருக்கலாம். ஆனால் அவன் முகம் தன்பாட்டுக்கு வழக்கமான அசட்டுச் சிரிப்பைச் சிரித்துத் தொலைக்கிறது. எல்லாம் அந்தச் சிரிப்பால் வந்த வினை என்று பிறகு அதன்மேல் பழி போடுகிறான்! அவன் எப்படிப்பட்டவன் என்று இதற்குமேல் என்ன சொல்ல வேண்டும்?

பீட்டர்ஸ்பர்க் ரயில் நிலையத்திலும் இதே வித்தைதான். பின்னால் தன் காதலனாகப்போகும் விரான்ஸ்கியைச் சந்தித்துவிட்டுத் திரும்பும் அன்னாவுக்கு, காத்து நிற்கும் கணவனின் காதுகள் முதல்முறையாக உறுத்துகின்றன. இத்தனை வருடமும் அதே காதுகள்தானே அங்கே இருந்தன. மனம் மாறியதைக் கண்ணில் படும் பொருளில் வைப்பது, இதைக் கற்றுக்கொள்ளலாம்.

வெட்டுக்கத்தி:
நண்பரே, பேரிக்காய், காது இரண்டும் சரி. எண்ணூறு பக்க நாவலில் நல்ல இடங்களாகப் பொறுக்கிக் காட்டினால் யாரிடமும் பாடம் எடுக்கலாம். நான் ஒரு சிறுபத்திரிகைக்கு வரும் கதைகளைத் திருத்துகிறவன். டால்ஸ்டாயைப் படித்துவிட்டு எழுத உட்கார்ந்தவரை ஒரே பத்தியில் கண்டுபிடித்துவிடுவேன். கதாநாயகன் வரப்பில் நின்று நிலவுடைமையைப் பற்றி நாலு பக்கம் யோசிப்பான். பேரிக்காய் அவர்கள் கைக்கு வருவதில்லை, பிரசங்கம் மட்டும் வந்துவிடுகிறது.

ஆறாம் பாகத்தில் வரும் பிரபுக்கள் தேர்தலை யார் ரசித்துப் படித்தீர்கள்? கையைத் தூக்குங்கள். 1875 முதல் 1877 வரை ஒரு பத்திரிகையில் விட்டு விட்டு வந்த தொடர் இது. வேறு யாராவது அனுப்பியிருந்தால் ஆசிரியர் அந்தத் தேர்தலை அப்படியே திருப்பி அனுப்பியிருப்பார். எழுதியவர் ஒரு பிரபு, சொந்தப் பண்ணை இருந்தது, கையெழுத்துப் பிரதிகளைத் திரும்பத் திரும்பப் படியெடுத்துக் கொடுக்க மனைவி சோஃபியா இருந்தார். மாலையில் வேலை முடிந்து வந்து எழுதுகிறவனுக்கு இவரிடம் என்ன பாடம்?

பின்பெஞ்சு:
அப்படிப் பார்த்தால் நமக்கெல்லாம் தஸ்தயேவ்ஸ்கிதான் வாத்தியார். 1866 நவம்பர் 1க்குள் புது நாவல் தராவிட்டால் ஒன்பது வருடத்துக்கு இவருடைய எழுத்தையெல்லாம் பதிப்பாளர் காசு கொடுக்காமலே போட்டுக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம். சுருக்கெழுத்துப் பெண்ணை வைத்து 26 நாளில் 'சூதாடி' நாவலைச் சொல்லி முடித்தார். அவரையே கல்யாணமும் செய்துகொண்டார் என்பது தனிக்கதை.

கோரைப்புல்:
பின்பெஞ்சு, அதற்குத் தனித் திரி போடுங்கள், வந்து சண்டை போடுகிறேன். அங்கே மனைவி சுருக்கெழுத்து, இங்கே மனைவி படியெடுப்பு. வேலை செய்த பெண் இரண்டு வீட்டிலும் உண்டு.

நீலவேணி:
வெட்டுக்கத்தி ஐயா, அதே ஆறாம் பாகத்தில்தான் காளான் பொறுக்கும் காட்சியும் இருக்கிறது. கோஸ்னிஷேவ் வாரென்காவிடம் கல்யாணப் பேச்சை எடுக்கத்தான் காட்டுக்குள் போகிறார். சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனதுக்குள் தயாரித்தும் வைத்திருக்கிறார். அவளுக்கும் தெரியும், காத்திருக்கிறாள். அந்த நேரம் பார்த்து, தான் நினைக்காமலே, அவள் வாயிலிருந்து காளான் பேச்சு வந்துவிடுகிறது. இவரும் தயாரித்ததை விட்டுவிட்டு, இந்தக் காளானுக்கும் அந்தக் காளானுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறார். குடையில் பெரிய வித்தியாசம் இல்லை, தண்டில்தான் என்று அவள் பதில் சொல்கிறாள், உதடு நடுங்க. அவ்வளவுதான், இனி அந்தக் கல்யாணம் இல்லை என்று இருவருக்கும் புரிந்துவிடுகிறது. ஒரு வார்த்தை சண்டை கிடையாது. இதை எந்தக் கத்தியால் வெட்டுவீர்கள்?

வெட்டுக்கத்தி:
அம்மா, அதை வெட்டமாட்டேன். ஆனால் நீங்கள் எடுத்த உதாரணமே கோரைப்புல்லின் பாடத்துக்கு எதிராகப் போகிறது, கவனித்தீர்களா? கண்ணில் படும் பொருளில் மனதை வை என்கிறார் அவர். அந்த அத்தியாயத்தில் டால்ஸ்டாய் அப்படியா செய்கிறார்? கோஸ்னிஷேவ் என்ன நினைத்தார், வாரென்கா என்ன நினைத்தாள், ஏன் பயந்தாள் என்று எல்லாவற்றையும் தானே சொல்கிறார். கடைசியில் முடிந்துவிட்டது என்பதையும் அவரே சொல்லிவிடுகிறார். இன்று எந்தப் பயிலரங்கிலும் இதற்குச் சிவப்பு மை உறுதி.

நீலவேணி:
சொல்கிறார்தான். அவர்கள் மனதில் இருப்பதையெல்லாம் நமக்கு முன்கூட்டியே சொல்லிவைத்ததால்தான் அந்தக் காளான் கேள்வி நெஞ்சில் குத்துகிறது. எதையும் சொல்லாமல் வெறும் காளான் உரையாடலை மட்டும் எழுதிப் பாருங்கள். புதிர் மாதிரி இருக்கும், வலிக்காது. பயிலரங்குகளில் சொல்லாதே, காட்டு என்று ஓதி ஓதி, கதாபாத்திரம் ஜன்னலைப் பார்க்கிறது, காபி ஆறுகிறது என்று எழுதுகிற ஒரு தலைமுறையே வந்துவிட்டது. உங்களுக்கு வரும் கதைகளில் அது இல்லையா?

வெட்டுக்கத்தி:
வண்டி வண்டியாக வருகிறது.

கோரைப்புல்:
நீலவேணி சொன்னதை ஒட்டியே குதிரைப் பந்தயத்தைப் பாருங்கள். 17 அதிகாரிகள் ஓடும் பந்தயம். முதலில் விரான்ஸ்கியோடு ஓடுகிறோம். தடையைத் தாண்டும் கணத்தில் அவன் சேணத்தில் தவறாக உட்கார்ந்துவிட, குதிரையின் முதுகெலும்பு முறிகிறது. அங்கேயே அத்தியாயம் முடிந்தது. எழுதத் தெரியாதவன் அடுத்த நாளுக்குப் போயிருப்பான். இவர் கதையைப் பின்னால் இழுத்து, அதே பந்தயத்தைப் பார்வையாளர் மேடையிலிருந்து மறுபடி ஓடவிடுகிறார். இந்த முறை பார்ப்பவர் கணவர் கரேனின். அவர் குதிரைகளைப் பார்க்கவே இல்லை, அன்னாவின் முகத்தைப் பார்க்கிறார். வேறொருவன் விழும்போது கூட்டமே பதறுகிறது. அன்னாவின் வெளிறிய முகத்தில் மட்டும் ஒரு வெற்றிக்களை. அவள் பார்க்கிறவன் இன்னும் விழவில்லை என்று கணவருக்குப் புரிந்துபோகிறது.

யார் விழப்போகிறான் என்று நமக்கு முன்பே தெரியும். பந்தயத்தில் இனி திகில் இல்லை. அவள் எப்போது தன்னைக் காட்டிக்கொடுப்பாள் என்பதில்தான் இருக்கிறது. இதற்குப் பண்ணை வேண்டாம், படியெடுக்க ஆள் வேண்டாம். இரண்டாவது முறை யார் கண்ணால் பார்ப்பது என்று யோசித்தால் போதும்.

பின்பெஞ்சு:
பாடம் பாடம் என்கிறீர்கள். இந்த நாவலில் சொல்ல வந்ததைச் சொல்ல வேண்டுமானால் இதே நாவலை முதலிலிருந்து மறுபடி எழுத வேண்டும் என்று அவரே 1876இல் நண்பர் ஸ்த்ராஹவுக்குக் கடிதம் போட்டிருக்கிறார்.

வெட்டுக்கத்தி:
அது நாவலின் பொருளைப் பற்றிச் சொன்னது பின்பெஞ்சு, தொழிலைப் பற்றி அல்ல.

கோரைப்புல், பந்தயத்தை எடுத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லாம் முதல் வீச்சில் வந்த மாதிரி பேசாதீர்கள். 1872 ஜனவரியில் பக்கத்துப் பண்ணையில் இருந்த ஒரு பெண், நாவலில் அன்னா முடிவதைப் போலவே, ரயிலில் விழுந்து இறந்தபோது டால்ஸ்டாய் போய் உடலைப் பார்த்திருக்கிறார். எழுத ஆரம்பித்தது 1873இல். ஆரம்ப வரைவுகளில் கதாநாயகி கொஞ்சம் மட்டமான பெண், கணவர்தான் பரிதாபத்துக்குரிய நல்லவர். திருத்தத் திருத்த அவள் உயர்ந்துகொண்டே போனாள். தான் கண்டிக்க நினைத்த பாத்திரத்திடம் எழுத்தாளர் தோற்கும்வரை திருத்தியிருக்கிறார். எனக்கு வரும் கதைகளில் வில்லன் முதல் பத்தியில் எப்படியோ கடைசிப் பத்தியிலும் அப்படியே. நான் பாடம் எடுப்பதாக இருந்தால் இதை எடுப்பேன். தேர்தலை வெட்டிவிட்டு.

நீலவேணி:
தேர்தலில் உங்களுக்கு அப்படி என்ன கோபம்? பண்ணைக்காரன் லெவின் வாக்குப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பதை மறந்துவிட்டீர்களா? ஆதரவுப் பக்கமா எதிர்ப்புப் பக்கமா, எந்தப் பக்கம் போடுகிறோம் என்று யாருக்கும் தெரியக்கூடாது, அதற்குத்தான் துணி மூடிய பெட்டி. இவன் எங்கே போட வேண்டும் என்று அண்ணன் கோஸ்னிஷேவிடம் வாய்விட்டுக் கேட்கிறான். அண்ணன் முகத்தைச் சுளிக்க, இவன் சிவந்துபோய், பந்து வலது கையில் இருப்பதால் வலது பக்கமே போட்டுவிடுகிறான். இடது கையையும் துணிக்குள் விட்டிருக்க வேண்டும் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வருகிறது. போட்டு முடித்த பிறகு அதையும் உள்ளே விடுகிறான்.

வெட்டுக்கத்தி:
பந்து இருக்கட்டும். மீதியை வெட்டுகிறேன்.