சமையலறையில் அந்துப்பூச்சி: புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

வெளிநாடு வந்து வீடு பிடித்து, சமையலறையும் ஓரளவு நிரம்பிய பிறகு பலர் கேட்கும் கேள்வி இது: "சாயங்காலமானால் குட்டிப் பூச்சி பறக்கிறது, அடிக்க அடிக்க வருகிறது, என்ன செய்வது?"

அடித்துப் பயனில்லை. பறக்கிற பூச்சி எதையும் தின்பதில்லை. இணைசேர்ந்து முட்டையிடுவதுதான் அதன் வேலை. தின்பது அதன் முட்டையிலிருந்து வரும் புழு. அது உங்கள் அலமாரியில் ஏதோ ஒரு பாக்கெட்டுக்குள் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும்வரை இந்தத் தொல்லை ஓயாது.

இறக்கையில் தலைப்பக்கம் வெளிர் சாம்பல், நுனிப்பக்கம் செம்பு நிறம், நீளம் ஒரு சென்டிமீட்டருக்குள் என்றால் பெரும்பாலும் இந்த அந்துப்பூச்சிதான். அரிசி வண்டு போல இதைப் புடைத்துச் சமாளிக்க முடியாது. புழு நூல் நூற்று மாவைக் கட்டிகட்டியாக்கிவிடும். உள்ளே எச்சமும் உரித்த தோலும் கிடக்கும். சலித்துப் பார்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம், பையில் கட்டி அன்றைக்கே வீட்டுக்கு வெளியே குப்பையில் போடுங்கள்.

தேடும்போது அரிசி, மாவோடு நின்றுவிடாதீர்கள். முந்திரி, உலர்ந்த பழம், காய்ந்த மிளகாய், சாக்லேட், நாய்த் தீனி எல்லாம் அதற்குப் பிடிக்கும். பிரிக்காத பாக்கெட்டையும் நம்ப வேண்டாம், மெல்லிய பிளாஸ்டிக்கையும் அட்டையையும் புழு துளைத்துவிடும். எப்போதோ வாங்கி மறந்துபோய் அலமாரியின் கடைசியில் கிடக்கும் பொட்டலம்தான் என் முதல் சந்தேகம்.

நன்றாக இருப்பதாகத் தெரியும் பொருட்களை மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் ஒரு வாரம் வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத முட்டையும் செத்துவிடும். அப்புறம் ரப்பர் வளையம் உள்ள, இறுக மூடும் கண்ணாடி டப்பாவில் போடுங்கள். இனி வாங்கி வருவதையும் இப்படியே செய்வது நல்லது.

பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. வளர்ந்த புழு உணவை விட்டு வெளியேறி, ஊர்ந்துபோய் வேறெங்கோ கூடு கட்டும். கூரை மூலை, அலமாரிப் பலகையின் திருகு ஓட்டை, கதவுக் கீல், டப்பா மூடியின் மரை எல்லாவற்றையும் பாருங்கள். இடுக்குகளை வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி, அதன் பையை உடனே வெளியே கொட்டுங்கள். பிறகு சோப்புத் தண்ணீரால் துடைத்தால் போதும். உணவு வைக்கும் இடத்தில் பூச்சி மருந்து அடிக்கவே அடிக்காதீர்கள்.

கிராம்பு, வேப்பிலை? வாசனையாக இருக்கும், அவ்வளவுதான்.

கடையில் விற்கும் ஃபெரோமோன் (பெண் பூச்சியின் வாசனை) தடவிய ஒட்டுப்பொறியில் ஆண் பூச்சிதான் சிக்கும். அதனால் பூச்சி ஒழியாது, இன்னும் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளலாம். கதகதப்பில் முட்டை பூச்சியாக ஒரு மாதம் போதும், குளிரில் பல மாதம் இழுக்கும். வீட்டுக்குள் ஹீட்டர் ஓடினால் வெளியே பனி கொட்டினாலும் அது பெருகும். எனவே சுத்தம் செய்தபின் இரண்டு மூன்று மாதமாவது பொறியை வைத்திருங்கள். வாடகை வீடு என்றால் உரிமையாளருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். பக்கத்து வீட்டிலிருந்தும் வரலாம்.

இவ்வளவுக்கும் அடங்கவில்லையா? சில நாடுகளில் டிரைக்கோகிரம்மா என்ற ஒட்டுண்ணிக் குளவியை அட்டையில் ஒட்டி விற்கிறார்கள். அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, மனிதரைக் கொட்டாது. அந்துப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு அதை அழித்துவிடும். சில வாரங்களுக்கு ஒருமுறை அட்டையை மாற்ற வேண்டும். அந்து முட்டை தீர்ந்ததும் குளவியும் தானாகச் செத்துவிடும்.