டிஎச்டி கிராலரில் 300 மில்லிநொடி போதுமா?

மறைநிலா:
"காத்திருப்பு நேரத்தை 300 மில்லிநொடியாகக் குறைத்தாலே பிட்டாரண்ட் டிஎச்டி கிராலர் பறக்கும், மற்றவை வீண்வேலை" என்று கதிரொளி நேற்று எழுதியதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. டிஎச்டி என்பது, எந்தக் கோப்பு யாரிடம் இருக்கிறது என்ற விவரத்தை மையச் சேவையகம் இல்லாமல் பிட்டாரண்ட் கணினிகளே பங்கிட்டு வைத்திருக்கும் வலை. அந்தக் கணினிகளை, அதாவது நோடுகளை, கேட்டுக் கேட்டுப் பட்டியலிடும் நிரல்தான் கிராலர். ஒரு கேள்விக்குப் பதில் வரும் என்று அது பார்த்திருப்பதே காத்திருப்பு நேரம். முன்கூட்டி இணைப்பு ஏற்படுத்தாமலே செய்தி அனுப்பும் யுடிபி முறையில் ஒரு நோடிடம் கேள்வியை அனுப்பிய கையோடு அடுத்த நோடுக்குப் போய்விடும் கிராலர் எங்கும் கைகட்டி நிற்பதில்லை. 300 மில்லிநொடி என்று வைத்தால், கண்டம் கடந்து நெரிசலான வீட்டு இணைப்புகளிலிருந்து வரும் பதில்கள்தாம் குப்பைக்குப் போகும்.

கதிரொளி:
இது ஏட்டுச் சுரைக்காய். விடை வராத ஒவ்வொரு கேள்வியும் நிலுவைப் பட்டியலில் இடம் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிட்டாரண்ட் டிஎச்டியின் விதிகளைச் சொல்லும் பிஇபி 5 நெறிமுறையில், எந்தப் பதில் எந்தக் கேள்விக்கு என்று காட்டும் பரிவர்த்தனை எண் வழக்கமாக 2 பைட், அதாவது ஒரே நேரத்தில் 65,536 கேள்விகள்தாம். செத்துப்போன முகவரிகள் அத்தனை இடத்தையும் அடைத்துக்கொண்டால் கிராலர் நின்றுதான் போகும். ஆகவே 300 மில்லிநொடிதான் சரி.

மறைநிலா:
அந்த எண்ணோடு ஐபி முகவரியையும் போர்ட்டையும் சேர்த்துப் பொருத்தினால், ஒரே எண்ணை எத்தனை நோடுகளுக்கும் அனுப்பலாம். 65,536 என்பது உங்கள் நிரல் எழுப்பிக்கொண்ட சுவர், நெறிமுறையின் எல்லை அன்று. உண்மையில் நேரத்தைத் தின்பது, ஏற்கெனவே தெரிந்த நோடுகளையே மறுபடியும் வாங்கிக்கொண்டிருப்பது. ஓர் அடையாள எண்ணுக்கு நெருக்கமான நோடுகள் எவை என்று கேட்கும் ஃபைண்ட்-நோடு கேள்விக்கு வரும் பதிலில் 8 நோடுகள், ஒன்றுக்கு 26 பைட், மொத்தம் 208 பைட். எதிரில் இருக்கும் நோடின் அடையாள எண்ணில் முதல் பிட்டை மாற்றி ஒரு கேள்வி, இரண்டாவதை மாற்றி இன்னொன்று என்று கேட்டால், ஒவ்வொரு கேள்விக்கும் அதன் அட்டவணையின் வேறொரு பக்கெட், அதாவது தெரிந்த நோடுகளை நெருக்கம் பார்த்துப் பிரித்து வைத்திருக்கும் பகுதி, திறக்கும். இலக்கைக் கண்மூடித்தனமாகத் தேர்ந்தெடுப்பவருக்கு இந்தப் பலன் கிடைக்காது.

செங்கோடன்:
போலி அடையாளங்களை நூற்றுக்கணக்கில் வலையில் புகுத்தி, வரும் கேள்விகளை ஒட்டுக்கேட்கலாம் என்று சென்ற மாதம் இதே கதிரொளிதான் இங்கே பரிந்துரைத்தார். அந்த அடாவடிக்குத் தேவையே இருக்கக் கூடாது என்றுதான் பிஇபி 51 என்ற இன்னொரு விதி ஆவணம், நோடுகளிடம் இன்ஃபோஹாஷ் (ஒவ்வொரு டாரண்டையும் அடையாளம் காட்டும் எண்) மாதிரிகளை நேராகக் கேட்டுப் பெற வழி செய்தது. இவர் வேகத்தைப் பற்றி வகுப்பெடுக்க வருகிறார்!

கதிரொளி:
செங்கோடன் பழைய பகையை இங்கே தீர்த்துக்கொள்ள வேண்டாம். பார்த்த நோடுகளை நினைவில் வைக்க, குறைந்த நினைவகத்தில் தோராயமாகக் குறித்துக்கொள்ளும் பிளூம் வடிகட்டி போதும் என்று முன்பு சொன்னவர் மறைநிலா. அந்த வடிகட்டி, சில சமயம் பார்க்காத நோடையும் பார்த்ததாகச் சொல்லித் தள்ளிவிடும். அந்த இழப்பைப் பொறுத்துக்கொள்பவர் 300 மில்லிநொடிக்கு மட்டும் ஏன் பதறுகிறார்?

மறைநிலா:
பதறக் காரணம் இருக்கிறது. வடிகட்டியின் பிழை எந்த நாட்டு நோடு என்று பார்த்து விழுவதில்லை. அதன் அளவை முன்கூட்டியே கணக்கிடலாம், நினைவகத்தைக் கூட்டிக் குறைக்கவும் செய்யலாம். 300 மில்லிநொடியோ தொலைவில் இருப்பவர்களையே குறிபார்த்து வெட்டுகிறது. நோடுகள் வருவதும் போவதுமாக இருப்பதால் மெதுவான கிராலர் எடுக்கும் படம் கோணலாகும் என்பதை ஆய்வாளர்கள் ஸ்டுட்ஸ்பாக்கும் ரெஜாயியும் குனுடெல்லா என்ற கோப்புப் பகிர்வு வலையை அளந்தே காட்டினார்கள். எனவே வேகம் எனக்கும் வேண்டும், ஆனால் வந்த பதிலை வீசியெறிந்து பெறும் வேகம் வேண்டாம். 300 கடந்ததும் அடுத்த வேலைக்குப் போங்கள். பதில் தாமதமாக வந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் முதலிலிருந்து சொல்கிறேன்.

கதிரொளி:
முதலிலிருந்து அப்படி நீங்கள் சொல்லவேயில்லை, மேலே போய்ப் படியுங்கள். என் கிராலரில் 300 மில்லிநொடிதான் இருக்கும்.