அக்டோபர்ல ஜெர்மனி போறேன், காசு விஷயத்துல வழி சொல்லுங்க

குடியாத்தம்_தம்பி:
வணக்கம். மாஸ்டர்ஸ் படிக்க சீட் கிடைச்சிருக்கு. விசாவுக்கு பிளாக்டு அக்கவுண்ட்ல (ஒரு வருஷ செலவுக்கான பணத்த முன்னாடியே போட்டு வெக்கற கணக்கு) 11,904 யூரோ போடணும், யூரோ 100 ரூபாய்க்கு மேல நிக்குது. அப்பா ராணிப்பேட்டைல தோல் கம்பெனில சூப்பர்வைசர், அம்மா நகைய அடகு வெச்சி பாதி, மீதிக்கு பேங்க் லோனுனு அலைஞ்சிக்கினு இருக்கோம். இறங்கின உடனே கையில எவ்ளோ இருக்கணும்? இங்க இருக்கற சேவிங்ஸ் அக்கவுண்ட்ட இன்னா பண்றது? அங்க இருக்கற ஒரு சீனியர் வேற, "உங்க அப்பாவ எங்க வீட்ல ரூபாயா குடுத்துட சொல்லு, நான் இங்க உனக்கு யூரோவா குடுத்துடறேன், பேங்க் சார்ஜ் மிச்சம்"ங்கறார். அப்பாவுக்கு அது நல்ல வழியா தெரியுது, எனக்குதான் மனசு ஒப்பல.

ஆற்காட்டு_அக்கா:
தம்பி, வாழ்த்துகள்! அந்த 11,904 முழுசும் உன் கைக்கு ஒண்ணா வராது, மாசம் 992 தான் விடுவாங்க. அதுவும் நீ போய் ரூம் பார்த்து, டவுன் ஆபீஸ்ல அட்ரஸ் பதிஞ்சி, அங்க ஒரு கரண்ட் அக்கவுண்ட் தொறந்து, அந்த அக்கவுண்ட்டோட ஐபேன் நம்பர (அங்க பேங்க் அக்கவுண்ட் நம்பர் அதான்) குடுத்த அப்புறம்தான். பெரிய ஊர்ல அட்ரஸ் பதிய அப்பாயின்ட்மென்ட்டே வாரக்கணக்குல தள்ளி குடுப்பாங்க. பசங்க திண்டாடறது இந்த நடு காலத்துலதான், ஏன்னா செலவு மொத்தமும் அப்பதான் வரும், ரூம் அட்வான்ஸ், முதல் மாச வாடகை, செமஸ்டர் பீஸ், மெத்தை, குளிர் கோட்டுனு.

அட்வான்ஸ் அங்க மூணு மாச வாடகைக்கு மேல கேக்க சட்டம் விடாது, ஹீட்டிங் மாதிரி சார்ஜ் சேர்க்காத வாடகைல மூணு மாசம். அத மூணு தவணையா கட்டவும் உனக்கு உரிமை இருக்கு, நிறைய பேருக்கு இது தெரியாம நைனாகிட்ட போன் பண்ணி அழுவாங்க. என் கணக்குல பிளாக்டு அக்கவுண்ட் போக தனியா 2,000 யூரோவாவது எட்டற மாதிரி இருக்கட்டும். சில நூறு நோட்டா, மீதி பாரெக்ஸ் கார்டுல, அதான் வெளிநாட்டு காச முன்னாடியே ஏத்தி வெச்சிக்கற கார்டு. ஏடிஎம் மிஷின் ரூபாய்ல பிடிக்கட்டுமா யூரோல பிடிக்கட்டுமானு கேக்கும், எப்பவும் யூரோவ அமுக்கு, இல்லனா அவங்க வெக்கற ரேட்ல போயிடும்.

992ல இன்சூரன்ஸே 150 கிட்ட போயிடும். ரூம் வாடகை 400க்குள்ள பாரு.

காட்பாடி_பேங்க்கார்ர்:
நான் பேங்க்ல இருக்கறவன், அதனால ரூல் சைடு சொல்றேன். ஒரு நிதியாண்டுல 10 லட்சம் வரைக்கும் வெளிநாட்டுக்கு அனுப்பினா டிசிஎஸ் (அனுப்பும்போதே பேங்க் பிடிக்கற வரி) கிடையாது, தாண்டற தொகைக்கு மட்டும்தான் பிடிப்போம். எஜுகேஷன் லோன்ல இருந்து நேரா போற பணத்துக்கு 2025 ஏப்ரல்ல இருந்து அதுவும் இல்ல. ஆனா நகைக்கடன் எஜுகேஷன் லோன் ஆகாது, அது சொந்தப் பணமாதான் கணக்கு. பிடிச்சாலும் பயப்படாதீங்க, யார் பான்ல அனுப்பினாங்களோ அவங்க ரிட்டர்ன் போட்டு வரில கழிச்சிக்கலாம், மிஞ்சினா ரீஃபண்டு வரும். லோனுக்கு வித்யாலட்சுமி போர்ட்டல்ல அப்ளை பண்ணுங்க, பிராஞ்ச் பிராஞ்சா ஏறி இறங்கறது குறையும்.

படிக்க கிளம்பிட்டா பெமா சட்டப்படி (அன்னியச் செலாவணி சட்டம்) நீங்க என்ஆர்ஐ, அந்த சேவிங்ஸ் அக்கவுண்ட்ட என்ஆர்ஓவா, அதாவது என்ஆர்ஐங்க இந்தியால வெச்சிக்கற ரூபா அக்கவுண்ட்டா மாத்திடணும். நிறைய பேர் அப்படியே விட்டுட்டு போறாங்க, அது சரியில்ல.

அந்த சீனியர் வழி வேணவே வேணாம். இங்க ரூபா குடுத்து அங்க யூரோ வாங்கறது பெமா சட்டத்துக்கு விரோதம், உங்க அப்பாவும் சேர்ந்து மாட்டுவார். அந்த யூரோ எங்கிருந்து வந்ததுனும் உங்களுக்குத் தெரியாது, திருட்டுப் பணம் ஏதாவது உங்க அக்கவுண்ட் வழியா போச்சுனா அக்கவுண்ட முடக்கிடுவாங்க, போலீஸ் உங்களத்தான் கூப்பிடும். மிச்சமாகற சில ஆயிரத்துக்காக படிப்பையே பணயம் வெக்காதீங்க.

ஆற்காட்டு_அக்கா:
அண்ணா சொன்னது நூத்துக்கு நூறு. அங்க தங்கற பர்மிட் ரினீவலுக்கும் காசு கணக்கு காட்ட சொல்லுவாங்க தம்பி, அப்ப கையில வாங்கின யூரோவுக்கு எந்த பேப்பரும் இருக்காது.

குடியாத்தம்_தம்பி:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. அப்பாகிட்ட இத அப்படியே படிச்சி காட்டிட்டேன், சீனியருக்கு வேணாம்னு சொல்லிடறோம். ஒரே ஒரு டவுட்டு, பேங்க் ஓடிபி எல்லாம் இந்த ஊர் நம்பருக்குதான வரும், சிம்ம இன்னா பண்றது?

காட்பாடி_பேங்க்கார்ர்:
சிம்ம கையோட எடுத்துக்கினு போங்க, கிளம்பறதுக்கு முன்னாடியே ரோமிங் ஆன் பண்ணிடுங்க, மெசேஜ் வர்றதுக்கு பொதுவா காசு பிடிக்க மாட்டாங்க. வேலிடிட்டி முடியாம வீட்ல இருந்து ரீசார்ஜ் போட சொல்லுங்க, நம்பர் வேற ஆளுக்கு போயிட்டா மாத்தறது பெரிய அலைச்சல். என்ஆர்ஓ ஃபார்ம்ல இமெயில் ஐடியும் பதிஞ்சிடுங்க.