நாடு விட்டுப் போன செக் அரசியல்வாதி, வானொலி உரையாளர்: அவர் விட்டுச்சென்ற தாள்களை எங்கே தேடுவது, எப்படிப் படிப்பது?

மஞ்சள்தாள் (கேள்வி)

1948 பிப்ரவரியில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்த பிறகு செக்கோஸ்லோவாக்கியாவை விட்டு வெளியேறி, வெளிநாட்டு வானொலியில் அரசியல் உரை நிகழ்த்தியவர்களைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று எழுதுகிறேன். மையத்தில் பத்திரிகையாளர் ஃபெர்டினான்ட் பெரௌட்கா. ஒப்பிடுவதற்கு ப்ரோகோப் டிர்தினா. அச்சில் வந்த உரைத் தொகுப்புகளை மட்டும் நம்பி எழுத விருப்பமில்லை, மூலத் தாள்களைப் பார்க்க வேண்டும். கேள்விகள் இவை:

ஒருவரின் தாள்கள் எல்லாம் ஒரே ஆவணக்காப்பகத்தில் இருக்குமா? கையில் கிடைக்கும் ஒரு தட்டச்சுப் படி உண்மையிலேயே ஒலிபரப்பானது என்று எப்படி உறுதி செய்வது? செக் மொழி அரைகுறையாகத் தெரிந்தவர் வழக்கமாக எங்கே தடுக்கி விழுவார்?

கார்பன்நகல்

முதல் கேள்விக்கு: இருக்காது. இப்படிப்பட்டவர்களின் தாள்களை மூன்று இடங்களில் தேட வேண்டும். அவர் எழுதியது அவருடைய சொந்தத் தொகுப்பில் இருக்கும். அவர் பேசியது வானொலி நிலையத்தின் தொகுப்பில். அவர் பேச்சைப் பகைவன் எப்படிக் கேட்டான் என்பது ரகசியப் போலீஸ் கோப்பில். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் தொகுப்பைக் கொடுத்த குடும்பத்தின் பார்வையிலேயே நின்றுவிடுகின்றன.

அதற்கு முன்னால் ஒரு திருத்தம். பெரௌட்காவையும் டிர்தினாவையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். டிர்தினா நாடு விட்டிருந்தது போர்க்காலத்தில், லண்டனில். பிபிசியின் செக் ஒலிபரப்பில் 'பாவெல் ஸ்வாட்டி' என்ற புனைபெயரில் பேசினார். 1945-இல் நாடு திரும்பி நீதி அமைச்சரானார். 1948 பிப்ரவரி நெருக்கடிக்குப் பிறகு தற்கொலைக்கு முயன்று பிழைத்தார், 1953-இல் 15 ஆண்டு தண்டனை பெற்றார், 1960-இல்தான் வெளியே வந்தார். அவர் இரண்டாம் முறை நாடு விட்டுப் போகவில்லை. போனது அவருடைய நினைவுக்குறிப்புதான்: 1982-இல், அவர் இறந்து இரண்டு ஆண்டுக்குப் பின், டொராண்டோவின் சிக்ஸ்டி எய்ட் பப்ளிஷர்ஸ் அதை வெளியிட்டது.

பெரௌட்காவின் கதை நேர் எதிர். போர்க்காலம் முழுக்க நாஜிச் சிறையிலும் புகன்வால்ட் முகாமிலும் கழிந்தது. 1945-46-இல் இடைக்கால நாடாளுமன்றத்தில் உறுப்பினர். 1948-இல் வெளியேறினார். 1951 முதல் 1961 வரை சுதந்திர ஐரோப்பா வானொலியின் (Radio Free Europe: கம்யூனிஸ்ட் நாடுகளுக்காக மியூனிக்கிலிருந்து ஒலிபரப்பிய அமெரிக்க நிலையம்) நியூயார்க் அலுவலகத்தில் செக்கோஸ்லோவாக்கியப் பிரிவின் தலைவர். 1978-இல் நியூயார்க்கில் இறந்தார்.

தாள்கள் எங்கே போய்ச் சேரும் என்பதை, ஆட்கள் எந்த வெளியேற்ற அலையில் நாடு விட்டார்கள் என்பதே தீர்மானிக்கிறது. லண்டன் அலையினர் 1945-இல் பெட்டியோடு ஊர் திரும்பினார்கள். அதனால் அவர்கள் தாள்கள் 1948-க்குப் பிறகு பறிமுதலுக்கு ஆளாயின. 1948 அலையின் தாள்கள் பெரிதும் அமெரிக்காவில். 1968 சோவியத் படையெடுப்புக்குப் பின் வெளியேறிய அலைக்கு வேறு திசை: செக்கோஸ்லோவாக்கியத் தொலைக்காட்சியின் இயக்குநராக இருந்து, பிறகு இத்தாலிய சோஷலிஸ்டுகள் சார்பில் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குப் போன யிரி பெலிகானின் தாள்கள் ரோமில், இத்தாலிய நாடாளுமன்றக் கீழவையின் வரலாற்று ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன.

தேடும் வரிசை:

செக் குடியரசில் இருப்பதை அறிய, அந்நாட்டு உள்துறை அமைச்சகம் இணையத்தில் வைத்திருக்கும் ஆவணத் தொகுப்புகளின் பொதுப் பட்டியலில் ஆளின் பெயரை இடுங்கள். அங்கே ஒருவரின் தாள்கள் மொத்தமும் 'ஃபோண்ட்' எனப்படும். அளவு மீட்டரில் இருக்கும்; ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 8 அட்டைப்பெட்டி. அளவைப் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள், பக்கத்திலேயே 'ஒழுங்குபடுத்தப்பட்டதா' என்ற குறிப்பு இருக்கும். ஒழுங்குபடுத்தாத தொகுப்பைக் காட்ட மறுக்க அவர்களுக்குச் சட்டத்தில் இடமுண்டு. டிக்கெட் எடுத்த பிறகு இதைக் கண்டுபிடிப்பவர்கள் அதிகம்.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் உள்ள ஹூவர் நிறுவனத்தில் தொடங்குங்கள். அங்குள்ள விவரப்பட்டியல்கள் பெட்டி, கோப்புறை எண் வரை இணையத்தில் கிடைக்கும். சுதந்திர ஐரோப்பா வானொலியின் நிர்வாகக் கோப்புகளும் ஒலிபரப்புத் தொகுப்பும் அங்கேதான். ஆனால் அதே வானொலியின் ஆய்வுப் பிரிவு சேர்த்த செய்தி நறுக்குகள், பின்னணி அறிக்கைகள், அட்டைக் குறிப்புகள் புடாபெஸ்டில், ஓப்பன் சொசைட்டி ஆவணக்காப்பகத்தில். உரையாளர் என்ன பேசினார் என்பதற்கு ஸ்டான்ஃபோர்ட், பேசுவதற்கு எதைப் படித்தார் என்பதற்கு புடாபெஸ்ட்.

டிர்தினாவுக்கு பிபிசியின் எழுத்து ஆவண மையம், காவர்ஷம். முன்பதிவு கட்டாயம்.

சிற்றலை31

ஒலிபரப்பானதா என்ற கேள்விக்கு வருகிறேன். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

தட்டச்சுப் படி கிடைத்தால் அது எழுதப்பட்டதற்கு மட்டுமே சான்று. ஒரே உரைக்கு நான்கு வடிவம் இருக்கலாம்: கையெழுத்து வரைவு, தட்டச்சின் மேல்தாள், அதன் கார்பன் நகல்கள், பிற்காலத்தில் நூலுக்காகச் செதுக்கிய பாடம். சொந்தத் தொகுப்பில் பெரும்பாலும் கார்பன் நகல்தான் கிடக்கும். தட்டச்சு முடிந்தபின் மேல்தாளில் பேனாவால் செய்த திருத்தம் கார்பனில் ஏறாது. ஒலிவாங்கி முன் அவர் வாசித்தது திருத்திய மேல்தாள். அதனால் கார்பனிலிருந்து மேற்கோள் எடுத்தால் 'கார்பன் நகல், திருத்தம் இல்லை' என்று அடிக்குறிப்பில் எழுதுங்கள்.

போர்க்கால பிபிசித் தாள்களில் ஒரு வசதி உண்டு. வெளிநாட்டு மொழி உரை ஒவ்வொன்றும் கொள்கைத் தணிக்கை, பாதுகாப்புத் தணிக்கை இரண்டையும் தாண்ட வேண்டும். அதற்குப் பிறகும் ஸ்டுடியோவில் ஒருவர் கையில் எழுத்துப் படியோடு, சுவிட்சின் அருகே உட்கார்ந்திருப்பார். உரையாளர் படியை விட்டு விலகினால் ஒலியைத் துண்டிக்க வேண்டியது அவர் வேலை. ஆகவே தணிக்கை முத்திரையுள்ள படி, ஒலித்ததற்கு மிக நெருங்கிய சான்று. சுதந்திர ஐரோப்பா வானொலியில் இந்த ஏற்பாடு இல்லை. அங்கே கொள்கை வழிகாட்டுக் குறிப்புகள் வரும், உரை பிரிவுக்குள்ளேயே எழுதப்படும். எனவே மூன்றை ஒப்பிட வேண்டும்: எழுத்துப் படி, அந்த நாளின் நிகழ்ச்சிப் பதிவேடு, ஒலிநாடா இருந்தால் அது.

தேதியில் கவனம். நியூயார்க்கில் தட்டச்சான தாளில் 7/3/52 என்றிருந்தால் அது ஜூலை 3. மியூனிக்கில் யாரோ குறித்ததில் 7. 3. 52 என்றிருந்தால் மார்ச் 7. இரண்டும் ஒரே கோப்புறையில் கிடக்கும்! மாதம் ரோமன் எண்ணில் இருந்தால் குழப்பமில்லை. இன்னொன்று: நியூயார்க்கில் எழுதியது மியூனிக் வழியாக ஒலித்தது, இரண்டுக்கும் ஆறு மணி நேர வித்தியாசம். எழுதிய தேதி, பதிவான தேதி, ஒலித்த தேதி என்று அட்டவணையில் மூன்று பத்தி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாலின் இறந்த 1953 மார்ச் வாரம் போன்ற இடத்தில் ஒரு நாள் பிசகினால் வாதமே கவிழும்.

சுதந்திர ஐரோப்பா வானொலியின் தொடக்கத் தேதிகளையும் கலக்காதீர்கள். செக்கோஸ்லோவாக்கியாவுக்குச் சிற்றலையில் முதல் ஒலிபரப்பு 1950 ஜூலை 4. மியூனிக்கிலிருந்து முழுநேர சேவை 1951 மே 1. "1950-இல் மியூனிக்கிலிருந்து முழுநேரமும் பேசினார்" என்று ஒரு நினைவுக்குறிப்பு சொன்னால் அது ஞாபகப் பிசகு.

ஒலிநாடாவின் மின்படியைக் கேட்கும்போது தொடக்க அறிவிப்பையும் முடிவு அறிவிப்பையும் வெட்டாமல் தரச் சொல்லுங்கள். நிகழ்ச்சியின் பெயரும் சில வேளை தேதியும் அங்கேதான் இருக்கும். நாடாப் பெட்டியின் நான்கு பக்கங்களையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நாடாக்களை மீண்டும் மீண்டும் பயன்படுத்துவது அந்தக் கால வானொலி வழக்கம், பெட்டியில் எழுதியிருப்பது உள்ளே இருப்பதாக இருக்க வேண்டியதில்லை. 1950-களின் நாடாக்களில் அசிட்டேட் அடித்தளம் கொண்டவை நிறைய. புளிக்காடி வாசம் வந்தால் சிதைவு தொடங்கிவிட்டது என்று பொருள், அதை ஓட்ட அவர்கள் தயங்குவது நியாயமே. அடுப்பில் வைத்துச் சூடேற்றும் வைத்தியம் 1970-களுக்குப் பிந்தைய பாலியெஸ்டர் நாடாக்களில் பசை கசிவதற்கானது. அசிட்டேட்டில் செய்தால் நாடா போய்விடும்.

கொக்கிபோட்டஎழுத்து

மொழிப் பொறிகள் மட்டும் சொல்கிறேன்.

அகரவரிசை: செக்கில் சி-எச் சேர்ந்து ஓர் எழுத்து, அது எச்-க்குப் பிறகு வரும். சி-யில் தேடினால் கிடைக்காது. தலைமேல் கொக்கி போட்ட சி, ஆர், எஸ், இசட் (č, ř, š, ž) ஆகியவை கொக்கியில்லாதவற்றுக்குப் பின்னால் தனி வரிசை. அமெரிக்கத் தட்டச்சுப் பொறியில் கொக்கி கிடையாது. எனவே ஹூவர் பட்டியலில் இரண்டு விதமாகவும் தேடுங்கள்.

வேற்றுமை உருபு: 'பெரௌட்கோவி' என்று உறையின்மேல் இருந்தால் அது வேறொரு ஆள் இல்லை, 'பெரௌட்காவுக்கு' என்று அர்த்தம். 'பெரௌட்கி' என்றால் பெரௌட்காவின். தமிழருக்கு இது புதிதல்ல, ஆனாலும் பெயர் அட்டவணை போடும்போது ஒரே ஆளை மூன்று பேராக்கிவிடுவார்கள்.

மாதம்: செர்வென் ஜூன், செர்வெனெட்ஸ் ஜூலை. மங்கிய கார்பனில் வால் தெரியாது. சந்தேகமிருந்தால் கிழமையைப் பாருங்கள்.

புனைபெயர்: ஒரு ஆளுக்கு ஒரு பெயர் என்று நினைக்க வேண்டாம். மக்கள் கட்சியின் முன்னாள் எம்.பி. இவோ டுகாச்செக், வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவில் மார்ட்டின் செர்மாக். நாடு விட்ட பத்திரிகையாளர் பாவெல் டிக்ரிட் பிறந்தபோது ஷோன்ஃபெல்ட். புனைபெயருக்குத் தனி அட்டை போட்டு, எந்தத் தாள் அதை உறுதி செய்கிறது என்று அதிலேயே குறியுங்கள்.

கடிதம் பற்றியும் ஒன்று. சொந்தத் தொகுப்பில் வந்த கடிதம் இருக்கும், போன கடிதம் இருக்காது. இருந்தால் கையெழுத்தில்லாத கார்பன். போனதைப் படிக்க வேண்டுமானால் பெற்றவரின் தொகுப்புக்குத்தான் போக வேண்டும்.

மஞ்சள்தாள்

மிக்க நன்றி. ரகசியப் போலீஸ் கோப்புக்கு என்ன வழி? அதை எந்த அளவு நம்பலாம்? வெளியிடும் உரிமையும் ஒரு வரியில் சொன்னால் உதவி.

கார்பன்நகல்

பாதுகாப்புப் படைகளின் ஆவணக்காப்பகம், ப்ராக். 2008 முதல் தனி நிறுவனமாக இயங்குகிறது. விண்ணப்பத்தில் பெயரோடு பிறந்த தேதியும் எழுதுங்கள், ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். பெரௌட்கா: 6. 2. 1895. டிர்தினா: 13. 4. 1900. டிர்தினாவுக்கு விசாரணைக் கோப்பைக் கேளுங்கள், பறிமுதலான தாள்கள் அதன் இணைப்பாகத் தைக்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு. பெரௌட்காவுக்கு வெளிநாட்டு உளவுப் பிரிவின் கோப்புகள். அவற்றில் ஆளை மறைபெயரில் குறிப்பார்கள், எனவே பெயரிலிருந்து கோப்பு எண்ணுக்குப் போகும் பதிவேட்டையும் சேர்த்துக் கேளுங்கள். 1989 டிசம்பரில் நிறையக் கோப்புகள் அழிக்கப்பட்டன. கோப்பு இல்லை என்ற பதிலை, கண்காணிக்கவில்லை என்று படிக்கக் கூடாது.

நம்பகம்: விசாரணை வாக்குமூலம் அடி, மிரட்டலில் பிறந்தது. அதன் நடை விசாரணை அதிகாரியின் நடை. உளவாளியின் அறிக்கையில் தேதி, முகவரி, யார் யாரைச் சந்தித்தார் என்பவற்றைப் பிற சான்றோடு பொருத்திப் பயன்படுத்தலாம். நோக்கம் பற்றிய வரிகளை விட்டுவிடுங்கள்.

உரிமை: செக் சட்டப்படி ஆசிரியர் இறந்து 70 ஆண்டு. பெரௌட்காவுக்கு 2048 முடிவு வரை. தாளை வைத்திருக்கும் காப்பகம் உரிமையாளர் ஆகிவிடாது. நிலையத்துக்காக எழுதிய உரையில் நிலையத்துக்கும் உரிமை இருக்கக்கூடும். சில வரி மேற்கோள் சிக்கலில்லை. முழு உரையைத் தமிழாக்கி வெளியிட வாரிசு, நிலையம் இரு தரப்பிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

சிற்றலை31

ஒரு சேர்ப்பு. 2015 ஜனவரியில் செக் அதிபர் மிலோஷ் ஸெமான், பெரௌட்கா 'ஹிட்லர் ஒரு கனவான்' என்ற தலைப்பில் 'ப்ரீதொம்னொஸ்ட்' வார இதழில் கட்டுரை எழுதினார் என்று மேடையில் சொன்னார். அந்த இதழை 1924-இல் தொடங்கி நடத்தியவர் பெரௌட்காதான். அதிபர் மாளிகை தேடியது, கட்டுரை கிடைக்கவில்லை. வழக்கு வரை போனது. பழைய இதழ்கள் மின்படியாக இணையத்தில் உள்ளன, யாரும் சரிபார்க்கலாம். எனவே அவரைப் புகழ்ந்தோ இகழ்ந்தோ யார் எந்த வரியை மேற்கோள் காட்டினாலும் ஆண்டு, இதழ் எண், பக்கம் மூன்றும் கையில் இல்லாமல் கட்டுரையில் ஏற்ற வேண்டாம்.

மஞ்சள்தாள்

புரிந்தது. ஸ்டான்ஃபோர்டில் எத்தனை நாள் ஒதுக்கலாம்?

கொக்கிபோட்டஎழுத்து

வழக்கமான பெட்டி 5 அங்குல அகலம். செக்கில் அரைகுறை என்றால் நாளைக்கு 3 பெட்டிக்கு மேல் போகாது. படம் மட்டும் எடுப்பதென்றால் இரட்டிப்பாகும். பெட்டிகள் வேறு கிடங்கில் இருக்கலாம், பட்டியலைப் பார்த்து எண்களை முன்கூட்டியே எழுதி அனுப்பிவிடுங்கள். ஒவ்வொரு கோப்புறையிலும் முதல் படம் பெட்டி எண்ணும் கோப்புறை எண்ணும் தெரிகிற முகப்பாக இருக்கட்டும். அது விட்டுப்போனால் வீடு திரும்பியபின் 2,000 படங்களுக்கு அடிக்குறிப்பு போட முடியாது.