மகன் தமிழில் பதில் சொல்வதில்லை: வீட்டிலும் பள்ளி மொழிக்கு மாறிவிடலாமா?

கேள்வி: கரையோரம்

அனைவருக்கும் வணக்கம். மணமான புதிதில் கணவருடன் வெளிநாடு வந்தவள் நான். மகன் இங்கேயே பிறந்தான், அவனுக்கு விரைவில் நான்கு வயது நிறைகிறது. பள்ளியில் சேரும் வரை வீட்டில் தமிழைத் தவிர வேறு மொழி அவன் காதில் அதிகம் விழுந்ததில்லை. பேச்சும் உரிய காலத்தில் வந்தது; இரண்டு வயது நிறைவதற்குள் சொற்களைச் சேர்த்துப் பேசினான். மழலையர் பள்ளிக்குச் சென்ற முதல் சில மாதங்கள் அங்கே வாயே திறக்கவில்லை. பிறகு மடை திறந்ததுபோல் இந்நாட்டு மொழியில் பேசத் தொடங்கியவன், இப்போது வீட்டுக்குள்ளும் அதையே பேசுகிறான்.

நான் சொல்வது எல்லாம் அவனுக்குப் புரிகிறது. காலணியைக் கழற்றிக் கதவோரம் வைக்கச் சொன்னால் உட்கார்ந்து கழற்றுகிறான்; ஆனால் வார் அவிழவில்லை என்பதைப் பள்ளி மொழியில்தான் சொல்கிறான். என் அம்மா காணொளி அழைப்பில் ஏதேனும் கேட்டால் தலையாட்டுகிறான், பதிலோ அவருக்குப் புரியாத மொழியில் வருகிறது. பாட்டிக்கும் பேரனுக்கும் நடுவில் நான் மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் வகுப்பில் அவன் பின்தங்கக்கூடும் என்றும், வீட்டிலும் பள்ளி மொழியையே பேசுவது நல்லது என்றும் ஆசிரியை அன்பாகத்தான் சொன்னார். இந்நாட்டு மொழித் தேர்வில் நானும் அண்மையில் தேறிவிட்டேன். மகப்பேற்றுக்காக விட்ட வேலைக்கு அடுத்த மாதம் திரும்புகிறேன். இனி மாறிக்கொள்வதில் என்ன தடை என்று கணவர் கேட்கிறார். அந்த மொழியில் என்னால் அலுவலகக் கூட்டத்தில் பேச முடியும், வாடகை ஒப்பந்தத்தைப் படித்துப் புரிந்துகொள்ள முடியும். ஆனால் அழும் பிள்ளையைத் தேற்றவோ, செல்லமாகக் கடிந்துகொள்ளவோ, அவனோடு சேர்ந்து கேலி பேசவோ வரவில்லை. வேலைக்குப் போன பிறகு அவனுடன் பேசக் கிடைக்கும் நேரமும் குறைந்துவிடும். எந்த மொழியில் அந்த நேரத்தைச் செலவிடுவது என்பதை இதே நிலையைக் கடந்து வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: மழலைப்பேச்சு

குழந்தைகளின் பேச்சு, மொழிச் சிக்கல்களுக்குச் சிகிச்சை அளிப்பது என் தொழில் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஆசிரியையின் எண்ணம் நல்லதுதான். ஆனால் அறிவுரைக்கு அடிப்படை இல்லை. இரண்டு மொழிகளைக் கேட்டு வளர்வதால் குழந்தைக்குப் பேச்சு தாமதமாவதில்லை, திக்குவாயும் வருவதில்லை. குழந்தைக்கு எத்தனை சொற்கள் தெரியும் என்று கணக்கிடும்போது இரண்டு மொழிகளையும் சேர்த்தே எண்ண வேண்டும், ஏனெனில் குளிப்பதும் உறங்குவதும் ஒரு மொழியில் இருக்க, கத்தரிக்கோலும் பசையும் வரிசையில் நிற்பதும் மற்ற மொழியில் இருக்கும். ஒன்றை மட்டும் எண்ணினால் எந்த இருமொழிக் குழந்தையும் குறைந்தவனாகவே தெரிவான். உண்மையிலேயே மொழி வளர்ச்சிக் குறைபாடு இருந்தால் அது இரண்டு மொழிகளிலும் வெளிப்படும். உங்கள் மகன் உரிய காலத்தில் சொற்களைக் கோத்துப் பேசியவன். புதிய மொழிச் சூழலில் தொடக்கத்தில் மௌனமாக இருந்ததும் பல குழந்தைகளிடம் காணப்படும் ஒரு கட்டம்தான். அந்த மாதங்களில் அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

வீட்டில் ஏன் மாறிவிட்டான் என்றால், மாறினாலும் காரியம் நடக்கிறது என்பதால்தான். எலிசபெத் லான்சா என்ற மொழியியலாளர், நார்வேயில் ஆங்கிலமும் நார்வீஜியமும் கேட்டு வளர்ந்த இரண்டு வயதுக் குழந்தைகளின் வீட்டுப் பேச்சை ஆராய்ந்து, பிள்ளை மொழி மாறிப் பேசும்போது பெற்றோர் எப்படியெல்லாம் எதிர்வினை காட்டுகிறார்கள் என்பதை 1990களில் ஐந்து வகையாகப் பிரித்துக் காட்டினார். புரியாதவர்போல் மீண்டும் கேட்பது, ஊகித்துத் தம் மொழியில் கேட்பது, பிள்ளை சொன்னதையே தம் மொழியில் திருப்பிச் சொல்வது, எதுவும் நடவாததுபோல் உரையாடலைத் தொடர்வது, தாமும் பிள்ளையின் மொழிக்கு மாறிவிடுவது ஆகியவையே அவை. முன்னதாகச் சொன்னவை வீட்டு மொழியைப் பேசவேண்டிய தேவையைப் பிள்ளைக்கு உணர்த்துகின்றன. கடைசி இரண்டும் எந்த மொழியானாலும் சரி என்று சொல்லிவிடுகின்றன.

நான்கு வயதுப் பிள்ளையிடம் புரியாதவர்போல் நடிப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. நீங்கள் அண்டை வீட்டாரிடமும் மருத்துவரிடமும் அதே மொழியில் பேசுவதை அவன் நாள்தோறும் பார்க்கிறான். நடிப்பு ஒரே நாளில் வெளுத்துவிடும். அதைவிட, தமிழில் பதில் சொல்வது அவனுக்கு எளிதாகும்படி கேள்வியை அமைப்பது பயன் தரும். காலணியையே எடுத்துக்கொள்ளுங்கள். வார் அவிழவில்லை என்று அவன் பள்ளி மொழியில் சொன்னதும் நீங்களே ஓடிப்போய் அவிழ்த்துவிடாமல், அருகில் அமர்ந்து, "வார் இறுக்கமாக இருக்கிறதா, முடிச்சு விழுந்திருக்கிறதா?" என்று கேளுங்கள். விடை இரண்டில் ஒன்று, இரண்டுமே அவன் காதில் தமிழில் இப்போதுதான் விழுந்திருக்கின்றன. "முடிச்சு" என்று ஒரு சொல்லோடு நிறுத்தினாலும் போதும், "ஆமாம், முடிச்சு விழுந்திருக்கிறது, வா அவிழ்க்கலாம்" என்று நீங்கள் அதை முழு வாக்கியமாக்கிக் கொடுத்துவிடலாம். அவன் அழும்போதும், பள்ளியில் நடந்த வருத்தத்தைச் சொல்ல வரும்போதும் மட்டும் இந்த உத்திகளைத் தொடாதீர்கள். அப்போது அவன் எந்த மொழியில் சொன்னாலும் கேட்டுக்கொண்டு தமிழில் ஆறுதல் சொல்லுங்கள்.

பதில் 2: நடுவழி

சற்று மாறுபட்ட கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். என் மகள் பதின்ம வயதில் இருக்கிறாள். தமிழ் முழுவதும் புரியும், பேச்சு அரைகுறைதான். அதற்காக எங்கள் வீட்டில் எதுவும் குடிமுழுகிவிடவில்லை. புரிந்துகொள்வதையே பெரும்பாலானோர் ஒன்றுமில்லாததாகக் கருதுகிறார்கள்; அது பாதிக் கிணறு தாண்டியது என்று நகையாடுகிறார்கள். ஆனால் கேட்டுப் புரிந்த மொழி உள்ளே தங்கியிருக்கிறது, அம்மொழி மட்டுமே பேசும் உறவினரோடு தொடர்ந்து சில வாரங்கள் இருக்க நேரும்போது மெல்ல வாய்க்கு வருகிறது. இதை என் மகளிடமே கண்டேன்.

ஆகவே தமிழைக் கைவிடாதீர்கள் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் வேலை முடிந்து களைத்து வரும் தாய் ஒவ்வொரு வாக்கியத்தையும் திருத்திக்கொண்டிருந்தால் வீடு தேர்வுக்கூடமாகிவிடும். இருமொழிப் பிள்ளைகள் அறிவாளிகளாவார்கள் என்று சொல்லிச் சொல்லியே பெற்றோரை அச்சுறுத்துகிறார்கள். எலிசபெத் பீல், வாலஸ் லாம்பர்ட் ஆகியோர் 1962ஆம் ஆண்டு மாண்ட்ரியலில் பத்து வயதுப் பிள்ளைகளிடம் நடத்திய புகழ்பெற்ற ஆய்வில் இருமொழிப் பிள்ளைகள் முன்னிலை பெற்றது உண்மையே. ஆனால் அதற்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்த முறை பின்னர் விமர்சிக்கப்பட்டது என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. பாட்டியோடு பேசுவதற்காகத் தமிழ் வேண்டும் என்பதே போதுமான காரணம்.

பதில் 3: இரு பிள்ளைகளின் தாய்

மகப்பேற்று விடுப்புக்குப் பிறகு வெளிநாட்டில் வேலைக்குத் திரும்பியவள் என்ற முறையில், நேரத்தைப் பற்றிய உங்கள் கவலைக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில், வீட்டில் டச்சு அல்லாத மொழியும் பேசப்பட்ட 1,899 குடும்பங்களிடம் ஆனிக் டி ஹவர் என்ற ஆய்வாளர் திரட்டிய தகவல்கள் 2007ஆம் ஆண்டு வெளிவந்தன. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக் குடும்பங்களில் பிள்ளைகள் அந்த வீட்டு மொழியைப் பேசவில்லை. பெற்றோர் இருவருமே வீட்டு மொழியைப் பேசி, பள்ளி மொழியை வீட்டுக்குள் அதிகம் கொண்டுவராத குடும்பங்களில் பிள்ளைகளும் அதைப் பேசும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. பள்ளி மொழிக்கு யாரும் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. அது எப்படியும் வந்துவிடுகிறது. ஆகவே உங்கள் வீட்டில் முதலில் முடிவெடுக்க வேண்டியவர் உங்கள் கணவர். நீங்கள் தமிழிலும் அவர் பள்ளி மொழியிலும் பேசத் தொடங்கினால், குறையப்போகும் உங்கள் நேரத்தின் மீதே முழுச் சுமையும் விழும். தாய் ஒரு மொழி, தந்தை ஒரு மொழி என்ற முறை, பெற்றோர் இருவரும் வெவ்வேறு தாய்மொழிகளைக் கொண்ட குடும்பங்களிலிருந்து வந்தது. பிரெஞ்சு மொழியியலாளர் ஜூல் ரோன்ஜா, பிரெஞ்சும் ஜெர்மனும் கேட்டு வளர்ந்த தம் மகனைப் பற்றி 1913ஆம் ஆண்டு எழுதியதிலிருந்து அது பேசப்பட்டு வருகிறது. இருவருக்கும் தமிழே தாய்மொழியாக இருக்கும் உங்களுக்கு அது தேவையே இல்லை.

வேலைக்குப் போன பிறகு எனக்கு உதவியது, குளியலும் படுக்கை நேரமும் முழுக்கத் தமிழுக்கு என்று வைத்துக்கொண்டதுதான். விளக்கை அணைத்த பிறகு, அன்று பேருந்தில் யார் என் அருகில் உட்கார்ந்தார்கள், என் குடையை எங்கே மறந்துவிட்டு வந்தேன் என்றெல்லாம் என் நாளை நான் சொல்வேன். பிறகு மகன் தன் நாளைச் சொல்வான். அலுவலகத்தில் அம்மா திட்டு வாங்கினாளா என்பதில் பிள்ளைகளுக்கு இருக்கும் ஆர்வம் எந்தக் கதைப் புத்தகத்திலும் இருப்பதில்லை! கேட்ட கேள்விகள் எல்லாம் தமிழில் வந்தன, ஏனெனில் கதை தமிழில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது குழந்தை பிறந்தால் அவர்கள் தங்களுக்குள் பள்ளி மொழியில்தான் பேசிக்கொள்வார்கள் என்பதை இப்போதே சொல்லிவைக்கிறேன். அதைத் தடுக்க முயன்று நான் வென்றதில்லை.

பாட்டியுடனான அழைப்பில் நீங்கள் அருகில் உட்காராதீர்கள். நீங்கள் இருக்கும் வரை அவனுக்குத் தமிழ் பேசவேண்டிய அவசியம் வராது. கைபேசியை அவனிடம் கொடுத்து, அவன் கட்டியதையோ வரைந்ததையோ பாட்டிக்குக் காட்டச் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குச் சென்றுவிடுங்கள்.

ஆசிரியையிடம் என்ன சொல்வது என்று தயக்கமாக இருந்தால், பள்ளி மொழிக்கு வீட்டில் என்ன உதவி வேண்டும் என்பதை அவரிடமே கேட்டு, அந்த வாரம் வகுப்பில் படிக்கும் கதையை முன்கூட்டியே வாங்கி, அதைத் தமிழில் அவனுக்குச் சொல்லிவிடுங்கள். கதை தெரிந்த பிள்ளை வகுப்பில் புதிய சொற்களை எளிதாகப் பிடித்துக்கொள்கிறான். ஒரு மொழியில் பெற்ற திறன் மற்ற மொழிக்கும் கைகொடுக்கும் என்று இருமொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார். அதையும் மீறி வற்புறுத்தினால், கல்வி குழந்தையின் சொந்த மொழியையும் மதிக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 29ஆவது பிரிவு சொல்வதை நினைவூட்டலாம். எனக்கு அந்தத் தேவை ஏற்பட்டதில்லை.

கரையோரம் (மீண்டும்)

எழுதிய மூவருக்கும் நன்றி. மூன்றாவது பதிலைக் கணவரிடம் படித்துக் காட்டினேன். அவர் மாலையில் பள்ளியிலிருந்து அழைத்து வரும் வழியில் தமிழில் பேசுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். இதுவரை அந்த நடையில் அவர்கள் பேசிக்கொண்டது முழுக்கப் பள்ளி மொழிதான். இன்னும் ஓர் ஐயம் இருக்கிறது. அவன் நண்பர்கள் வீட்டுக்கு விளையாட வரும்போது நான் அவனிடம் தமிழில் பேசினால், மற்றப் பிள்ளைகள் ஒதுக்கப்பட்டதாக உணர மாட்டார்களா? கடந்த முறை அவனே என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டான்.

பதில்: மழலைப்பேச்சு

எல்லோருக்கும் பொதுவான பேச்சைப் பள்ளி மொழியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அது விருந்தினருக்குச் செய்யும் மரியாதை. அவனுக்கு மட்டும் உரியதை, சட்டைக் கையை மடித்துக்கொள் என்பது போன்றவற்றை, அருகில் சென்று தாழ்ந்த குரலில் தமிழில் சொல்லுங்கள். அவன் கையைப் பிடித்து நிறுத்தினால் அந்த மாலை முழுவதும் விட்டுவிடுங்கள், நண்பர்கள் போன பிறகு வழக்கம்போலத் தொடரலாம். பிள்ளைகளுக்கு இந்த வயதில் தனித்துத் தெரிவது பிடிக்காது; அதைத் தமிழின் மீதான வெறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நண்பர்களில் யாரேனும் நீங்கள் சொன்னது என்ன என்று கேட்டால் மட்டும் நீங்கள் விளக்க வேண்டாம், அவனையே சொல்ல விடுங்கள்.